ஆஷாக்கா சொல்லிவிட்டாள்

ஊரில் எல்லோருக்கும் அவள் ஆஷாக்கா. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கவனித்துக்கொள்ளும் அந்த வேலைக்கு அரசாங்கம் வைத்த பெயர்தான் ஆஷா. சொந்தப் பெயர் அவளுடைய அடையாள அட்டையில் தெலுங்கில் அச்சாகியிருந்தது. நாங்கள் யாரும் அதைப் படித்துப் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் ஆந்திராவில், நகரிக்கும் பிச்சாட்டூருக்கும் நடுவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. நூறு வீடு இருக்கலாம். அந்த நூறு வீட்டிலும் யாருக்கு என்ன நோய், யாருக்கு எத்தனையாவது மாதம், எந்த மருமகள் சத்து மாத்திரையை விழுங்காமல் கூரையில் செருகி வைக்கிறாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தது அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கும் தெரியும்.

ரகசியம் சொல்வதற்கு அவளிடம் ஒரு முறை இருந்தது. முதலில் இடப்பக்கம் பார்ப்பாள். அப்புறம் வலப்பக்கம் பார்ப்பாள். கையிலிருக்கும் நீளமான ரிஜிஸ்டரை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லிடாத" என்பாள். பிறகு அந்த ரிஜிஸ்டருக்குப் பின்னாலிருந்து, சொட்டு மருந்துக்குக் குழந்தைகளைக் கூப்பிடும் அதே குரலில் விஷயத்தைச் சொல்வாள். நான்கு வீடு தள்ளி எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

ஒருமுறை ரேஷன் வரிசையில் நின்றிருந்த ஒரு மாமியாரிடம், "பேரனா பேத்தியான்னு ஆடி கழிச்சித் தெரிஞ்சிடும்" என்று வாழ்த்திவிட்டாள். மருமகள் அதைத் தன் புருஷனிடமே இன்னும் சொல்லியிருக்கவில்லை. தான் அப்பாவாகப் போகிற செய்தியை அந்தப் பையன் ரேஷன் கடைக்காரர் வாயிலிருந்து கேட்டான். அந்தப் பெண் அழுதாள். ஆஷாக்காவுக்கு ஏன் என்றே புரியவில்லை. "நல்ல சேதிதான? இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?" என்று தன் முந்தானையாலேயே அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அவள் மனத்தில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தன் விஷயத்தையும் அவள் இப்படித்தான் கொட்டுவாள். புருஷன் ரேணிகுண்டாவில் வேறொருத்தியோடு குடித்தனம் போனதை அவளேதான் முதலில் பால் ஊற்றும் இடத்தில் எல்லோருக்கும் சொன்னாள். தன் சர்க்கரை அளவு, கடைவாயில் கட்டிய செயற்கைப் பல், மகள் இண்டர் பரீட்சையில் இரண்டு பாடத்தில் ஃபெயிலானது, எதற்கும் கதவு கிடையாது. ஆனால் மற்றவர்களுக்குக் கதவு வேண்டியிருந்தது. அதை அவள் கற்றுக்கொள்ளவே இல்லை.

ஒரு தடவை அது பெரிய காயமாகவே முடிந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒருவருக்குக் காசநோய் வந்தது. மாத்திரை கொடுக்கப் போனவள் வழியில் யாரிடமோ சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து டீக்கடையில் அவருக்குத் தனிக் கிளாஸ். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு புத்தலப்பட்டு பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அன்று ஆஷாக்கா அந்தப் பூட்டின வீட்டு வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அப்புறம் வாராவாரம் இரண்டு பஸ் மாறிப் போய் அவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வந்தாள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஊர் திரும்பவில்லை. கொஞ்ச நாள் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் இருக்கும். அவ்வளவுதான் முடிந்தது.

எனக்கும் அவள்மேல் ஒரு கோபம் உண்டு. சின்ன வயதில் சீழ் வைத்ததால் எனக்கு வலது காது பாதிதான் கேட்கும். முதன்முதலாக என்னைப் பெண் பார்க்கத் திருவள்ளூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தபோது, நல்ல காரியத்தில் கூடமாட உதவுகிற உற்சாகத்தில் ஆஷாக்காதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளையைப் பார்த்து, "தம்பி, இந்தப் பக்கம் வந்து உக்காந்து பேசுங்க. பாப்பாவுக்கு வலது காது கொஞ்சம் மந்தம்" என்றாள். வந்தவர்கள் பஜ்ஜி தின்றுவிட்டுப் போனார்கள். பதில் வரவில்லை. அம்மா அவள் வீட்டு முன்னால் போய் நின்று கத்திவிட்டு வந்தாள். ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டு வருடம் கழித்துப் புத்தூரிலிருந்து வந்தவர்கள், பாயில் உட்காரும் முன்பே, "காது விஷயம் எங்களுக்குத் தெரியும், ஆஷாம்மா சொல்லிட்டாங்க" என்றார்கள். அந்தப் பையன் யாரும் சொல்லாமலே என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தான். இன்றைக்கும் பஸ்ஸில் அவர் என் இடப்பக்கம்தான் உட்காருகிறார். அதற்காக நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று அப்போது சொல்லியிருக்கமாட்டேன்.

எங்கள் நைனா, என் அப்பா, அவளுக்கு நேர் எதிர். மாங்காய் சீசனில் லாரிக்குச் சுமை ஏற்றுகிறவர். அரசாங்கம் பட்டா கொடுத்த ஒன்றரை ஏக்கரில் மற்ற நாளெல்லாம் வேலை. உடம்பு சரியில்லை என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. காய்ச்சல் என்றால் போர்த்திக்கொண்டு படுப்பார். அது இறங்கினால் எழுந்து போவார். அம்மா போன பிறகு தனியாகத்தான் இருந்தார். நான் புத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவேன். "நல்லா கீறியா நைனா?" என்றால், "கீறேன்" என்பார். அதற்கு மேல் பேச்சு இருக்காது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் பள்ளி இடைவேளையில் ஆஷாக்காவிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, யார்கிட்டயும் சொல்லிடாத. உங்க நைனா கழனியில வேல செஞ்சிக்கினே அரை மணிக்கு ஒருக்கா வரப்போரம் ஒண்ணுக்குப் போறாரு. போய்ட்டு வந்து வயித்தப் புடிச்சிக்கினு உக்காந்துக்கிறாரு. கொடியில காயப்போட்ட வேட்டியப் பார்த்தேன். ரத்தக்கறை கீது."

எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். எங்கள் வீட்டுக் கொடியில் இவளுக்கு என்ன வேலை என்று தோன்றியது. பயம் அதற்கப்புறம்தான் வந்தது.

புத்தூரில் ஸ்கேன் எடுத்தோம். எடுத்தவர் என் முகத்தைப் பார்க்காமல் திருப்பதிக்குப் போகச் சொன்னார். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி. வெளிநோயாளி வரிசையில் மூன்று மணி நேரம் நின்ற பிறகு, கண்ணாடி போட்ட ஓர் இளம் டாக்டரம்மா நைனாவை உட்காரவைத்துத் தெலுங்கில் கேள்வி கேட்டாள். பீடி உண்டா, சர்க்கரை உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "இதற்கு முன் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா?" என்றாள்.

"லேது" என்றார் நைனா. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, தாத்தா."

"லேது, லேது."

வயிற்றைப் பார்க்க வேண்டும் என்று படுக்கச் சொன்னபோது அவர் வேட்டி முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தொப்புளுக்குக் கீழே நான்கு விரல் அளவுக்கு மேல் அதை இறக்க விடவில்லை. அந்தப் பெண்ணும் வற்புறுத்தவில்லை. வெளியில் இன்னும் ஐம்பது பேர் நின்றிருந்தார்கள். சீட்டில் 'முன் அறுவை சிகிச்சை இல்லை' என்று எழுதினாள்.

சேர்த்துக்கொண்டார்கள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் பெரிய சர்ஜன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சித்தூர்க்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"மூத்திரப்பையோட வலது சுவர்ல கட்டி இருக்கும்மா. வெளியில இருந்து உள்பக்கமா அழுத்துது. நாங்க எடுத்த சதையில புண்ணும் வீக்கமும்தான் தெரியுது. ஆனா குழாய் எட்டினது மேலாப்புலதான். ஆழத்துல என்ன இருக்குன்னு தெரியலை. ஸ்கேனைப் பார்த்தா கேன்சர்னுதான் நினைக்க வேண்டியிருக்கு."

"இன்னா பண்ணணும் சார்?"

"பையை முழுசா எடுக்க வேண்டி வரலாம். எடுத்துட்டா வயித்துல ஒரு ஓட்டை போட்டு, மூத்திரம் வெளியில ஒரு பையில வந்து சேர்ற மாதிரி வைப்போம். வாழ்க்கை முழுக்க அப்படித்தான்."

இதை நைனாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வார்டில் அவர் கட்டிலில் உட்கார்ந்து சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. அவர் தன் வயிற்றைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பையோட பஸ்ல போலாமா?"

"போலாம் நைனா."

"நாத்தம் வராது?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு பட்டாக் காகிதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது, சினைப்பசு எப்போது கன்று போடும், அதை யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். நைனா அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் ஆஷாக்கா வந்தாள். ஒரு பாட்டிலில் கேழ்வரகுக் கூழ், துணிப்பையில் கொய்யாப்பழம். டாக்டர்கள் சுற்றி வரும் நேரம் அது, பார்வையாளர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. ஆனால் கர்ப்பிணிகளைக் கூட்டிவந்து கூட்டிவந்து அந்த ஆஸ்பத்திரியின் வாட்ச்மேன்களெல்லாம் அவளுக்குப் பழக்கம். நேராக நைனாவின் தலைமாட்டில் வந்து நின்றுகொண்டாள்.

பெரிய சர்ஜன் மாணவர்களோடு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சீட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் "நோ சர்ஜரி" என்று ஒரு வார்த்தை வந்தது.

ஆஷாக்காவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் 'சர்ஜரி'யும் தெரியும், 'நோ'வும் தெரியும்.

அவள் இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். ரிஜிஸ்டர் இல்லாததால் கொய்யாப்பழப் பையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொண்டாள்.

"நோ இல்ல சார்! இவருக்கு ஆபரேஷன் ஆயிருக்குது சார். சித்தூர்ல. குடல் எறங்கிப் போயி, இந்தா, தொடை இடுக்குல கிழிச்சித் தெச்சாங்க. நான்தான் கூடப் போயிருந்தேன்."

நாற்பது கட்டில் வார்டு. ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். எதிர்க் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். நைனாவின் முகம் கறுத்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

"ஏம்மா, உனுக்கு அறிவு கீதா?" என்றார் அவளிடம். "பெத்த பொண்ணு நின்னுக்கினு கீறா."

"நிக்கட்டும். அதுக்கின்னா இப்ப?"

சர்ஜன் சீட்டைக் கீழே வைத்துவிட்டார். "எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினோரு வருஷம் இருக்கும் சார். பாப்பா காலேஜ் ஹாஸ்டல்ல இருந்துது."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம் சார்."

அவர் இளம் டாக்டரம்மாவைப் பார்த்தார். அவள் தலைகுனிந்தாள். சர்ஜன் கட்டிலைச் சுற்றி வந்து நைனாவின் தோளில் கை வைத்து, "பெரியவரே, கொஞ்சம் பார்க்கணும்" என்றார். நான் வெளியே நடைபாதைக்குப் போய்விட்டேன்.

ஆஷாக்காவும் பின்னாலேயே வந்தாள். நான் கேட்காமலே சொன்னாள். நைனாவுக்குச் சுமை தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிவிட்டது. குடல் இறங்கினவன் என்று தெரிந்தால் அடுத்த சீசனுக்கு மேஸ்திரி கூப்பிடமாட்டார். அது மட்டுமில்லாமல், கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடு. அந்த இடத்தில் ஆபரேஷன் என்று வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று நைனா சாப்பிடாமல் கிடந்திருக்கிறார். அம்மாதான் ஆஷாக்காவைத் தேடிப் போயிருக்கிறாள். சித்தூரில் மாங்காய் லோடு வேலை என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, பத்து நாள் அங்கே ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார்கள். எனக்கும் அதேதான் சொன்னார்கள். அந்த வருடம் நைனா எனக்கு ஒரு மாங்காய்கூடக் கொண்டுவரவில்லையே என்று நான் கேட்டது ஞாபகம் இருக்கிறது.

சர்ஜன் ஸ்கேன் படத்தைத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"தையல் போட்ட நூல் உள்ளேயே இருக்கும்மா. நிறைய பேருக்கு அது ஒண்ணும் செய்யாது. சில உடம்பு மட்டும் அதை ஏத்துக்காது. முள்ளு உள்ள தங்கிட்டா சுத்திக் கட்டிக்குது இல்ல? அந்த மாதிரி நூலைச் சுத்திச் சதை வளரும். வருஷக்கணக்கா வளரும். ஸ்கேன்ல பார்த்தா கட்டியேதான். பார்த்து வித்தியாசம் சொல்றது ரொம்பக் கஷ்டம். தச்சவங்க தப்பும் இல்ல இது."

"அப்ப கேன்சர் இல்லியா சார்?" என்றேன்.

"அப்படி நான் இன்னும் சொல்லலை. ரெண்டுல எதுவா வேணா இருக்கலாம். ஆனா இது தெரியாம இருந்தா நான் நேரா பையைத்தான் எடுக்கப் போயிருப்பேன். இப்ப முதல்ல அந்தக் கட்டியை மட்டும் எடுக்கறேன். அவர் டேபிள்ல இருக்கும்போதே அதை மைக்ராஸ்கோப்ல பார்க்கச் சொல்றேன். கெட்டதுன்னு சொன்னாதான் மேற்கொண்டு போவேன்."

அந்த இரண்டு நாளும் நைனா ஆஷாக்காவோடு பேசவில்லை. அவள் ஊற்றிக் கொடுத்த கூழைக் குடிக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னோடும் பேசவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குக் கட்டியைவிடப் பெரிய கஷ்டமாக இருந்தது போல. "நைனா, நான் ரெண்டு புள்ள பெத்தவ" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

ஆபரேஷன் காலை ஒன்பது மணிக்கு. என் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். ஆஷாக்கா எங்களோடு உட்காரவில்லை. காத்திருக்கும் கூடத்தில் ஒவ்வொரு குடும்பமாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். யார் வந்திருக்கிறார்கள், என்ன ஆபரேஷன் என்று விசாரிப்பாள். உடனே எங்கள் கதையைச் சொல்வாள். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பாள். பதினோரு மணிக்கெல்லாம் அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் எங்கள் நைனாவின் தொடை இடுக்கு தெரியும். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பதினொன்றரைக்குக் கதவு திறந்து சர்ஜன் வந்தார். முகமூடியைத் தாடைக்கு இறக்கியிருந்தார். கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. நான் எழுந்தேன். எனக்கு முன்னாலேயே கூடத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

டப்பாவைத் தூக்கிக் காட்டினார். வெளுத்த சதைத் துண்டுக்கு நடுவில் கறுப்பாக ஒரு முடிச்சு. இரண்டு பக்கமும் அரை விரல் நீளத்துக்கு வால் போல நூல்.

"நூல்தாம்மா. கேன்சர் செல் ஒண்ணுகூட இல்லைன்னு இப்ப பார்த்துச் சொல்லிட்டாங்க. முழு ரிப்போர்ட் பத்து நாள்ல வரும். மூத்திரப்பையில ஒரு ஓரம் மட்டும் எடுத்துத் தச்சிருக்கேன். பை பத்திரமா இருக்கு."

எனக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு பாட்டி தெலுங்கில், "தாரமாம், தாரமாம்" என்று பக்கத்தில் சொன்னாள். நூலாம், நூலாம் என்று அது தமிழிலும் போனது. மதனப்பள்ளியிலிருந்து மகனுக்காக வந்திருந்த ஒருவர் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெயர்கூடத் தெரியாதவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் ஆஷாக்காவைத் தேடினேன். அவள் தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கொய்யாப்பழப் பையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

நைனாவுக்கு மயக்கம் தெளிந்த பிறகு அந்த டப்பாவைக் காட்டினார்கள். ரொம்ப நேரம் பார்த்தார். "இத்துனூண்டு நூலா? நகரியில தறிக்காரங்களுக்கு நூலு மூட்டை மூட்டையாத் தூக்கியிருக்கேன்" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தார், தையல் இழுத்தது, சிரிப்பை நிறுத்தினார்.

பத்தாம் நாள் முழு ரிப்போர்ட்டும் வந்தது. நூலும் அதைச் சுற்றி உடம்பு கட்டிய வேலியும்தான், வேறொன்றும் இல்லை. அன்றே மூத்திரக் குழாயை எடுத்தார்கள். தானாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும், போகாவிட்டால் திரும்பக் குழாய் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். நைனா நான்கு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வார்டுக்கும் கழிப்பறைக்கும் நடந்தார். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் ஆனது. மூன்றாவது தடவை உள்ளே போனவர் வெளியே வரவில்லை. நான் கதவருகில் போய், "நைனா?" என்றேன்.

"வருது!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "நல்லா வருதும்மா!"

வெளியே வந்தவர் வேட்டியைக் கட்டிக்கொண்டே வார்டு நடுவில் நின்று, "வந்துடுச்சிப்பா" என்று நாற்பது கட்டிலுக்கும் பொதுவாகச் சொன்னார். எதிர்க் கட்டில்காரர் கைதட்டினார். கூழ் பாட்டிலோடு நின்றிருந்த ஆஷாக்காவைப் பார்த்து, "இன்னா பார்த்துக்கினு நிக்கிற? ஊத்து" என்றார். இரண்டு டம்ளர் குடித்தார்.

நாங்கள் ஊருக்குப் போய்ச் சேரும் முன்பே கதை போய்ச் சேர்ந்திருந்தது. நைனா நான்கு நாள் வெளியே தலைகாட்டவில்லை. ஐந்தாம் நாள் அவரோடு லோடு ஏற்றிய கூட்டாளி ஒருவர் வந்தார். உட்கார்ந்து கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, தன் வேட்டியை விலக்கி, குடல் இறங்காமலிருக்க உள்ளே கட்டியிருந்த பெல்ட்டை நைனாவுக்குக் காட்டினாராம். ஆறு வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரம் இன்னொருவர் வந்தார். இரண்டு பேரையும் ஆஷாக்காதான் சித்தூருக்குக் கூட்டிப் போனாள். இந்தத் தடவை லோடு வேலை என்று யாரும் ஊருக்குச் சொல்லவில்லை. சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. ஒரு கர்ப்பச் செய்தியை ஒரு மணி நேரம் வைத்திருக்க முடியாதவள், இதைப் பதினோரு வருடம் எப்படி வைத்திருந்தாள்? அம்மா அவள் வீட்டு முன்னால் நின்று கத்தியபோதுகூட இதை எடுத்து வீசவில்லையே. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேவிட்டேன்.

"அம்மா சத்தியம் வாங்கிக்கினாங்களா அக்கா?"

அவள் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தாள். "வாங்கினா. கைய புடிச்சிக்கினு அழுதா."

"அதான் யார்கிட்டயும் சொல்லலியா?"

"அட போ பாப்பா. மறந்து பூட்டேன். ஞாபகம் இருந்திருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்." நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்த டாக்டர் நோ சர்ஜரின்னு சொன்னப்பதான் பளிச்சினு வந்துச்சி."

அதை நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பத்து நாள் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது அவ்வளவு சுலபமாக மறக்குமா? நூறு வீட்டுத் தடுப்பூசித் தேதியையும் ரிஜிஸ்டரைத் திறக்காமல் சொல்கிறவள் அவள். ஊருக்குத் தெரியாமல் அவளிடம் இன்னும் என்னென்ன இருந்தனவோ. இப்போது வேலையை விட்டுவிட்டு ஆவடியில் மகளோடு இருக்கிறாள். போன் பண்ணினால் அந்த அடுக்குமாடியில் இருக்கும் எல்லாக் குடும்பத்தின் செய்தியும் எனக்கு வருகிறது. இதை மட்டும் நான் திரும்பக் கேட்கவில்லை.

அவள் இன்னும் ஊரில் வேலையில் இருந்தபோது, ஆபரேஷன் முடிந்து ஆறாவது மாதம் நைனாவைப் பரிசோதனைக்குத் திருப்பதி கூட்டிப் போனேன். ஆஷாக்காவும் ஒரு கர்ப்பிணியின் ஸ்கேன் ரிப்போர்ட் வாங்க வந்தாள். பஸ்ஸில் நைனாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர், மடியில் பெரிய ஸ்கேன் கவரோடு உட்கார்ந்திருந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வடமாலைப்பேட்டை தாண்டும்போது நைனாவே பேச்சுக் கொடுத்தார். "எங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கா?" என்றார். அவர் தலையாட்டினார். வயிற்றில் கட்டி என்று சொல்லியிருக்கிறார்களாம்.

நைனா தன் கதையைச் சொன்னார். குடல் இறங்கியது, ஒளித்தது, நூல், முடிச்சு, எதையும் விடவில்லை. நான் அவருடைய மகள் என்று அந்தப் பெரியவருக்குத் தெரியாது; பெண்பிள்ளை கேட்கிறாளே என்று என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டார். நைனா சங்கடப்படவில்லை. கதை முடிந்ததும் பெரியவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நைனாவின் காதருகில் குனிந்தார்.

"எனக்கும் ஒண்ணு ஆயிருக்குதுங்க. மூலத்துக்கு. இருவது வருஷம் இருக்கும். வீட்ல யாருக்கும் தெரியாது."

முன் சீட்டிலிருந்து ஆஷாக்கா திரும்பினாள்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அது இன்னாத்துக்குங்க? இது வயித்துல, அது வேற எடம்…"

"சம்பந்தம் கீதா இல்லியான்னு அவுரு சொல்லட்டும். நீங்க சொல்லணும்."

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கியதும் அவள் அந்தப் பெரியவரின் ஸ்கேன் கவரை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெளிநோயாளி வரிசையைப் பார்த்து வேகமாக நடந்தாள். "சார், இவருக்கு முன்னாடி ஒரு ஆபரேஷன் ஆயிருக்குது!" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். பெரியவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "மெதுவாம்மா, கொஞ்சம் மெதுவா" என்று கெஞ்சியபடி அவள் பின்னால் ஓடினார். நைனா சிரித்துக்கொண்டே அவர்களைப் பார்த்து நின்றார். பிறகு, "நீ உள்ள போய்க்கினு இரும்மா, நான் ஒண்ணுக்குப் போய்ட்டு வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு, அவசரமில்லாமல் நடந்தார்.